கீழே மாலையோடு நின்றோம்

நீ விழவில்லை. நீயாகத்தான் நின்றாய்.

அன்று மலையடிவாரத்தில் என்னோடு நின்றவர்கள் எல்லாரும் நீ விழுந்துவிட்டதாக நம்புகிறார்கள். அங்கே வராதவர்கள் நீ சோதனையில் தேறிவிட்டதாக நம்புகிறார்கள். இரண்டும் பொய். நட்டு வைத்திருந்த கம்புகளுக்கு இடையில் வளைந்து வளைந்து வந்துகொண்டிருந்த நீ, பாதி வழியில் ஸ்கிகளைக் குறுக்கே திருப்பி நின்றாய். கிளம்பிய பனித்தூள் உன்னை மறைத்தது. அது அடங்குவதற்குள் நீ தடத்தை விட்டு விலகி, ஓரமாக, கடைக்குப் போய்வருகிறவன் போல மெதுவாக இறங்கத் தொடங்கியிருந்தாய். கீழே வந்து, தலைக்கவசத்தைக் கழற்றாமலே, "விழுந்திட்டன் அம்மா" என்றாய். விழுந்தவன் உடம்பில் பனி ஒட்டியிருக்கும். உன் முதுகில் இல்லை, இடுப்பில் இல்லை, முழங்காலில்கூட இல்லை. நீ சின்னவனாக இருந்தபோது உன் காற்சட்டையைப் பார்த்தே எந்தப் பூங்காவில் விழுந்துவிட்டு வருகிறாய் என்று சொல்லிவிடுவேன். என்னிடம் அந்தப் பொய் எடுபடாது. ஆனாலும் அன்று எடுபட்டது போலவே நடந்துகொண்டேன். ஏனென்றால் மாலை தயாராக இருந்தது.

இதை உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். நீ படித்திருக்க மாட்டாய். கைபேசியில் நான் எதை அனுப்பினாலும் ஒரு பெருவிரல் படத்தை அனுப்பிவிட்டு நகர்ந்துவிடுகிறாய். அது மட்டுமல்ல. நீ தேறிவிட்டாய் என்ற பொய் எங்கள் ஆட்கள் எல்லாரிடமும் போனது. அதைத் திருத்துவதும் அவர்கள் எல்லாருக்கும் முன்னால்தான் நடக்க வேண்டும். இதுவும் ஒரு மேடைதானே என்று நீ கேட்பாய். ஓம், மேடைதான். ஏற்றியது நான், இறக்குகிறதும் நானாக இருக்கட்டும். உன் பெயரை எழுதவில்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது உனக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாரிஸில் ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு கடையில் நிற்கிறேன். அரங்கேற்றத்துக்கும் பெரியபிள்ளையானவர்களின் சாமத்தியவீட்டுக்கும் வேண்டியதெல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், மேடைக்குப் பின்னால் கட்டுகிற பட்டுத்திரை, ஆளுயரக் குத்துவிளக்கு, வாடாத துணிப்பூ மாலை. அளவு பார்க்க வருகிற நாளில் தாய் பேசிக்கொண்டே இருப்பாள், பிள்ளை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும். நகைகளைத் திருப்பிக் கொடுக்க வருகிற நாளில்தான் அந்தப் பிள்ளை சிரித்து நான் பார்ப்பேன். "இனி என்ன பழகப் போறீங்கள் தங்கச்சி?" என்று கேட்டால், "இல்லை அன்ரி, முடிஞ்சுது" என்று சொல்லும். தாய்க்கும் அதில் குறை கிடையாது. மண்டபம் நிறைந்தது, பிரதம விருந்தினர் வந்து பேசினார், ஆல்பம் கைக்கு வந்துவிட்டது. எங்கள் ஆட்களுக்கு வித்தை என்பது மேடைவரை தூக்கிக்கொண்டு போய் இறக்கி வைக்கிற மூட்டை. இறக்கிய பிறகு அதைத் திரும்பத் தூக்குகிறவனுக்கு விசர் என்று பெயர். இதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்ததுண்டு. "இதுகள் பிள்ளையளைப் பழக்கிறது தங்கடை கழுத்திலை மாலை விழத்தான்" என்று கடைக்கார அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். "மெதுவாக் கதை, வாற வியாபாரத்திலை மண்ணைப் போடாதை" என்பா அவ. அப்படிப் பேசிவிட்டு வந்த அதே வாயால்தான் உன் மிருதங்க அரங்கேற்றத்துக்கு பாரிஸுக்கு வெளியே எபினேயில் மண்டபம் கேட்டேன்.

உனக்கு அப்போது பதினைந்து வயது. மிருதங்கம் உனக்குப் பிடிக்காத ஒன்றல்ல. அதுதான் இப்போது என்னைக் குத்துகிறது. மார்க்ஸ் டோர்மோயில் மெட்ரோ ஏறினால் இறங்கும்வரை உன் விரல்கள் இருக்கையிலும் தொடையிலும் ஓடிக்கொண்டிருக்கும். முன்னால் இருக்கிற வெள்ளைக்காரக் கிழவன் முறைப்பான், நீ கவனிக்க மாட்டாய். சாப்பாட்டு மேசையில் தட்டுவாய், குளியலறைக் கதவில் தட்டுவாய், அப்பா "கையை வெட்டிப் போடுவன்" என்று பகிடியாகச் சத்தம் போடுவார். அரங்கேற்றத்தன்று தனி வாசிக்கும்போது நீ எங்களை எல்லாம் மறந்து வாசித்துக்கொண்டிருந்தாய். கண் பாதி மூடியிருந்தது. அப்போதுதான் கமரா அண்ணை மேடைக்குக் கீழே குனிந்து வந்து, "தம்பி, இஞ்சை பாருங்கோ" என்றார். எங்கள் எல்லா விழாக்களிலும் அவர் சொல்கிறது அது. நீ நிமிர்ந்து பார்த்தாய். கணக்குத் தவறியது. ஒரு நொடியில் பிடித்துவிட்டாய், சபைக்குத் தெரியவில்லை, உன் குரு மட்டும் முகத்தைச் சுளித்தார். எனக்கு அது தெரிந்தது. படம் வடிவாக விழுந்திருக்கும் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். அந்தப் படம்தான் இன்றைக்கும் எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. தாளம் தவறிய அந்த நொடியைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு மிருதங்கம் உறை போட்டு நிலக்கீழ் அறைக்குப் போனது. உன் விரல்களும் நின்றன. சில மாதம் கழித்து ஒருநாள் மெட்ரோவில் உன் கைகள் மடியில் சும்மா கிடப்பதைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏனடா, இப்ப தட்டிறேல்லை?"

"சே ஃபினி, அம்மா. அதுதான் அரங்கேற்றம் முடிஞ்சுதே."

அந்தப் பதில் எனக்குப் போதுமாக இருந்தது. போதுமாக இருந்தது என்பதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. நகைகளைத் திருப்பிக் கொடுக்க வருகிற பிள்ளைகள் சொல்லும் அதே 'முடிஞ்சுது' என்ற வார்த்தையை என் வீட்டுப் பிள்ளை பிரெஞ்சில் சொன்னபோது, ஒரு கடமை நல்லபடி முடிந்தது என்றுதான் எண்ணினேன்.

பனி உனக்குப் பள்ளிக்கூடத்தில் பிடித்த பைத்தியம். வகுப்போடு மலைக்குப் போய் வந்தபோது, ஸ்கி பழகிய பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சின்ன உலோக நட்சத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தாய். அதையும் வாங்கிக் கண்ணாடி அலமாரியில், மிருதங்கக் கேடயத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். கிரனோபிளில் படித்த ஆண்டுகளில் உன் கூட்டாளிகளோடு ஒவ்வொரு கிழமை முடிவிலும் மலைக்குப் போனாய் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. படித்து முடித்து, லா தெஃபான்ஸில் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை கிடைத்து, நாங்கள் ஆறுதலாக மூச்சு விட்ட வருடத்தில், அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு பனிக்காலம் முழுக்க மலையில் நிற்கப் போகிறேன் என்றாய். மலைக்கு ஆட்களை ஏற்றுகிற தொங்கு கதிரைகளுக்குப் பக்கத்தில் நின்று, அவர்கள் ஏறி இருக்கும்வரை கதிரையைப் பிடித்துக்கொள்கிற வேலை. மீதி நேரத்தில் பயிற்சி. பருவ முடிவில் ஸ்கி ஆசிரியர் பயிற்சிக்கான நுழைவுச் சோதனை.

அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார். "நான் இஞ்சை வந்த நாளிலை இருந்து அடுப்படியிலை வேகிறன். நீ போய்ப் பனியிலை நிக்கப் போறியோ?"

"ஓம் அப்பா."

"கதிரை பிடிக்க?"

"கதிரையும் பிடிக்கத்தான்."

"படிச்சுப் போட்டு?"

"படிச்சபடியாத்தான் வடிவாப் பிடிப்பன்," என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அன்று சிரித்திருக்கலாம். உன் பக்கம் ஒரு ஆளாவது இருந்திருக்கும்.

நீ போன பிறகு கடையில் கேட்டவர்களுக்கு, "அரசாங்க டிப்ளோமா ஒண்டு செய்யிறான்" என்றேன். கதிரை பிடிக்கிறான் என்று சொல்ல வாய் வரவில்லை. கடைவாசலில் நாள் முழுக்க நிற்கிறவள் நான், அப்பா உணவகத்து அடுப்புக்கு முன்னால் நிற்கிறவர். ஆனாலும் நீ நின்று செய்யும் வேலையைச் சொல்ல எனக்கு வெட்கம். எங்கள் ஆட்களின் வெட்கம் விசித்திரமானது. இந்த நகரத்தின் சட்டிகளைக் கழுவி, தரைகளைத் துடைத்து, அலுவலகங்களின் குப்பையைக் கட்டி, பிறகு நாங்களே அந்த வேலைகளைக் கேவலமாகப் பேசுகிறோம். அந்த மலையில் ஒரு சீமாட்டி கதிரைக்கு வரிசையில் நின்றபடி உன்னைப் பார்த்து, சமையலறைப் பின்வாசல் அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினாள் என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாய். "அப்ப ஏன் அங்கை நிக்கிறாய்? வா வீட்டை" என்றேன். அவளைப் பற்றி எனக்குக் கோபம் வரவில்லை, உன்மேல்தான் வந்தது. அவள் உன்னைச் சமையலறைக்கு அனுப்பினாள், நாங்கள் உன்னை மேடைக்கு அனுப்பினோம். நீ நின்ற இடத்தில் உன்னை நிற்க விட எவருக்கும் மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ தொலைபேசியில் சொன்னவற்றை இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். கேட்டபோது கேட்காதவை. வலப்பக்கம் திரும்பும்போது உடம்பின் பாரம் இடக்காலில் விழ வேண்டும் என்றாய். உனக்கு இடப்பக்க வளைவு தானாக வருகிறது, வலப்பக்கத்தில் அந்த இடக்காலை நம்ப முடியாமல் மலைப்பக்கமாகச் சாய்ந்துவிடுகிறாய் என்றாய். மார்கழியில் அதை மட்டும் திருத்தப் போவதாகச் சொன்னாய். பிறகு கைத்தடிகள் இல்லாமல் இறங்கிப் பழகினாய். பிறகு ஒரு ஸ்கியைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதில். மாசியில் காலை நேரத்து உறைபனியில், கதிரைகள் ஓடத் தொடங்குவதற்கு முன்னால். விடுமுறை நாள்களில் மார்த்தின் என்ற பயிற்சிக்காரி உன்னோடு வருவா, உன் பின்னால் இறங்கிக்கொண்டே கத்துவா என்றாய். நீ இதையெல்லாம் சொல்லும்போது நான் மறுபக்கத்தில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பேன். "ம்" கொட்டுவேன். என் கேள்விகள் இரண்டே. சாப்பிட்டாயா, சோதினை எப்ப.

ஒரு ஞாயிறு உன் குரல் வேறு மாதிரி இருந்தது. "அம்மா, இண்டைக்கு ஒரு வளைவு சரியா வந்தது."

"எத்தினை?"

"ஒண்டு."

"முழு நாளுக்குமோ?"

"ஓம். ஒண்டே ஒண்டு. வலப்பக்கத்து. காலுக்குக் கீழை சத்தமே இல்லை அம்மா."

"ஆர் பாத்தது?"

"ஒருத்தரும் இல்லை. மார்த்தின் இண்டைக்கு வரேல்லை."

"பேந்தென்ன," என்றேன், ஒருத்தரும் பார்க்காவிட்டால் பிறகென்ன இருக்கிறது என்று.

நீ சிரித்தாய். "ஓம், பேந்தென்ன" என்றாய். அதற்குப் பிறகு நீ வளைவுகளைப் பற்றிச் சொன்னதில்லை. காலநிலை சொன்னாய், என்ன சமைத்தாய் என்று சொன்னாய். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒருவன் மாதக்கணக்கில் மலையில் ஏறி இறங்கி, யாரும் பார்க்காத ஒரு இடத்தில் ஒரு வளைவைச் சரியாக எடுத்துவிட்டு, அதைச் சொல்ல என்னைத் தேடி எடுத்திருக்கிறான். நான் பார்வையாளரைக் கேட்டேன்.

சோதனை நாளை நீ தயங்கித் தயங்கித்தான் சொன்னாய். "ஒருத்தரும் வரத் தேவையில்லை அம்மா" என்றும் சொன்னாய். நாங்கள் வந்ததற்கு இந்த வாசகம்தான் காரணம் என்றால் இந்த நாட்டுக்காரர்கள் நம்ப மாட்டார்கள். எங்களில் யார்தான் "வாருங்கோ" என்று வாய் திறந்து சொல்கிறார்கள்? தேநீர் வேண்டாம் என்றால் ஊற்று என்று பொருள். வரத் தேவையில்லை என்றால் வந்தால் சந்தோஷம் என்று பொருள். உன்னை நான் இங்கே பெற்று இங்கே வளர்த்தேன். நீ ஒரு சொல்லைச் சொன்னால் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறாய் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் குடும்பக் குழுவில் செய்தி போட்டேன். மகனின் ஸ்கி அரங்கேற்றம் என்று பகிடியாகத்தான் எழுதினேன். சித்தப்பா வான் கொண்டுவருகிறேன் என்றார். கடைக்கார அக்கா, நல்ல மாலையாக எடுத்துக்கொண்டு போ, வாடகை வேண்டாம் என்று தானும் புறப்பட்டா. கமரா அண்ணை பனியில் இதுவரை எடுத்ததில்லையாம், ட்ரோனோடு வந்தார். பட்டுச்சேலைக்குமேல் தடித்த ஜாக்கெட், காலில் பனிச் சப்பாத்து. வானுக்குள் புளிச்சோற்று மணம். ஒரு பொன்னாடையும் எடுத்திருந்தோம். நீ தேறாமல் போகலாம் என்ற நினைப்பு எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. அரங்கேற்றத்தில் யாரும் தோற்பதில்லை, தம்பி. அதுதானே அதன் வசதி.

மலையடியில் நாங்கள் இறங்கியபோது எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வயதான, வெயிலில் சிவந்த முகத்துடைய ஒரு பெண் என்னிடம் வந்து, கல்யாணமா என்று கேட்டா. இல்லை, என் மகன் என்று உன் பெயரைச் சொன்னேன். அவதான் மார்த்தின். சித்தப்பா கையில் இருந்த மாலையைப் பார்த்தா, மேலே பார்த்தா, திரும்பவும் மாலையைப் பார்த்தா. "நீங்கள் வருவது அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டா. தெரியாது, அதிசயமாக இருக்கட்டும் என்று வந்தோம் என்றேன். அதற்குள் ஒரு காவலாளி ஓடிவந்து ட்ரோனை இறக்கச் சொல்லிச் சத்தம் போட்டான். கமரா அண்ணை அவனுக்குத் தமிழிலேயே பதில் சொல்லிக்கொண்டு இறக்கினார்.

பிறகு ஒலிபெருக்கியில் உன் பெயரை உடைத்து உடைத்து வாசித்தார்கள். நீ வந்தாய்.

எனக்கு அந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் உன்னைத் தெரியும். முதல் சில கம்புகளைத் தாண்டியதுமே எனக்கு மெட்ரோவும் உன் விரல்களும் ஞாபகம் வந்தன. ஒரு பக்கம், மறு பக்கம், ஒரு பக்கம், மறு பக்கம். அவசரமில்லை, ஆனால் ஒரு இடைவெளியும் இல்லை. வலப்பக்கம் திரும்பும்போது உன் இடக்காலைப் பார்த்தேன். வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்டது எங்கேயோ உள்ளே இருந்திருக்கிறது. நீ மலைப்பக்கம் சாயவில்லை. அந்தக் கால் உன்னை முழுசாகத் தாங்கியது. இந்தப் பிள்ளையை நான் பத்து வருடமாகப் பார்க்கவில்லை என்று அந்த இடத்தில் தோன்றியது. வாயைத் திறந்து பக்கத்தில் நின்ற அப்பாவிடம் அதைச் சொல்லப் போனேன். அதற்குள் கமரா அண்ணை கயிற்றுக்குக் கீழால் குனிந்து போய், இரண்டு கையையும் வாயில் குவித்து, "தம்பி, இஞ்சை பாருங்கோ" என்று கத்தினார். சித்தப்பா மாலையை உயர்த்திக் காட்டினார். செம்மஞ்சள் மாலை, வெள்ளை மலை. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் தெரியும்.

நீ பார்த்தாய். அதற்கு அடுத்த கம்பில் நின்றாய்.

நாங்கள் அதற்குப் பிறகு செய்ததுதான் இன்னும் மோசம். நீ இறங்கி வந்தாய், விழுந்திட்டன் என்றாய், சித்தப்பா ஒரு நொடி திகைத்துவிட்டு, "பரவாயில்லை, விழுறது விளையாட்டிலை சகஜம்" என்று சொல்லி மாலையைப் போட்டார். தலைக்கவசத்தில் மாட்டிக்கொண்டது. அக்கா இழுத்துச் சரிசெய்தா. பொன்னாடையைப் போர்த்தினோம். படம் எடுத்தோம். அப்பாவோடு ஒன்று, என்னோடு ஒன்று, எல்லாரோடும் ஒன்று. ஸ்கியை ஒரு கையில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, சொன்ன பக்கம் எல்லாம் திரும்பினாய். பதினைந்து வயதில் மேடையில் திரும்பியது போலவே. உன்னோடு சோதனைக்கு வந்த மற்றப் பிள்ளைகள் ஓரமாக நின்று பார்த்தார்கள். நீ ஒரு சொல்லாவது கோபமாகச் சொல்லியிருந்தால் எங்களுக்கு உறைத்திருக்கும். நீ கேட்டது ஒன்றுதான்: "சாப்பிட்டியளோ?"

வானில் ஏறப் போனபோது மார்த்தின் என்னைத் தனியாகப் பிடித்தா. பாதிவரை அவன் தேறுவதற்குக் குறித்த நேரத்துக்குள்தான் இருந்தான் மதாம், நன்றாகவே உள்ளே இருந்தான் என்றா. ஏன் நின்றான் என்று கேட்டா. "விழுந்துவிட்டான்" என்றேன். அவ உன்னைத் திரும்பிப் பார்த்தா. பொன்னாடைக்குக் கீழே உன் உடுப்பு பனி படாமல் இருந்தது அவவுக்கும் தெரிந்தது. "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனா.

பிறகு வீடியோ வந்தது. கமரா அண்ணை கடைக்கே கொண்டுவந்து காட்டினார். முதல் பாதியில் நீ வருகிறாய், நாதஸ்வரம் பின்னணியில். அடுத்த காட்சியில் மாலை விழுகிறது.

"நடுவிலை எங்கை அண்ணை?" என்று கேட்டேன்.

"விழுந்ததை ஏன் காட்டுவான்? வெட்டிப் போட்டன். இப்ப பாக்க நேரா முடிச்ச மாதிரி இருக்குதுதானே."

"அவன் முடிக்கேல்லையே."

"அக்கா, மாலை போட்டாச்சு. முடிஞ்சுது."

அவர்மேல் என்ன குற்றம்? அவர் எங்கள் எல்லாருக்கும் வேண்டியதைத்தான் வெட்டி ஒட்டித் தருகிறார். நான் தடுக்கவில்லை. அது குழுவுக்குப் போனது, அங்கிருந்து லண்டனுக்கும் கனடாவுக்கும் போனது. வாழ்த்துகள் வந்து விழுந்தன. நீயும் பார்த்தாய். பெருவிரலை அனுப்பினாய்.

பருவம் முடிந்ததும் நீ பாரிஸுக்குத் திரும்பினாய். பழைய அலுவலகமே உன்னை மீண்டும் எடுத்தது. இப்போது எபினேயில் ஒரு அறையில் இருக்கிறாய், ஞாயிறு மத்தியானம் வந்து சாப்பிடுகிறாய், அப்பாவின் முதுகுவலியை விசாரிக்கிறாய். எல்லாருக்கும் திருப்தி. பையன் ஆசையையும் தீர்த்துக்கொண்டான், வேலையிலும் இருக்கிறான் என்று அப்பா சொல்கிறார். போன மாதம் கோழிக்கறி பரிமாறும்போது நான் கேட்டேன், இந்த முறை மலைக்கு ஆள் எடுக்கத் தொடங்கியிருப்பார்களே என்று. நீ தலை நிமிராமல் சொன்னாய்.

"சே ஃபினி, அம்மா."

அந்த வார்த்தை இந்த முறை எனக்குப் போதவில்லை. கையிலிருந்த அகப்பையைச் சட்டியில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்றேன். நீ தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

அதற்கு அடுத்த நாள் கடைக்கு ஒரு குத்துவிளக்கு தேவைப்பட்டது, எங்கள் நிலக்கீழ் அறையில் ஒன்று இருந்தது, எடுக்கப் போனேன். உறை போட்ட மிருதங்கம் சுவரோடு சாய்ந்து நின்றது. அதற்குப் பக்கத்தில், அதே சுவரோடு, உன் ஸ்கிச் சப்பாத்துகள். எல்லாக் கொளுவிகளையும் பூட்டி, கழுவித் துடைத்து, சோடியாக வைத்திருந்தாய். எப்போது கொண்டுவந்து வைத்தாய் என்று தெரியாது. திரும்பக் கொடுக்கிற பொருளைத்தான் ஒருவர் அப்படித் துடைத்து வைப்பார். என் வேலையே அதுதான், எனக்குத் தெரியும். விளக்கை எடுக்காமல் மேலே வந்தேன்.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் நீ "பரவாயில்லை அம்மா" என்பாய், அது மாலைக்குத் தலை குனிந்தது போன்ற இன்னொரு மரியாதை. எனக்கு அந்த மரியாதை வேண்டாம். உன் தவறையும் சொல்லிவிடுகிறேன். நீ நின்றது சரி என்று நான் நினைக்கவில்லை. எங்களைக் கண்டதும் அந்த ஓட்டம் எங்களுடையதாகிவிட்டது என்று நினைத்தாய் போலிருக்கிறது. ஆகவில்லை. இடக்காலை நம்பக் கற்றது நாங்கள் அல்ல. உறைபனியில் காலையில் எழும்பிப் போனது நாங்கள் அல்ல. கீழே நின்றவர்கள் என்ன நிறத்தில் எதைத் தூக்கிக் காட்டினாலும், அந்த மீதிப் பாதி உன்னுடையதாகவே இருந்தது. அதை நீ எங்களுக்கு விட்டுக் கொடுத்திருக்கத் தேவையில்லை. எங்களுக்குக் கீழ்ப்படிந்தே பழகியதால் எதிர்க்கும்போதுகூட உன்னுடையதைத்தான் தூக்கி எறிகிறாய். அப்படி வளர்த்தது நான்.

வரவேற்பறையில் இருந்த அந்த மிருதங்கப் படத்தை இறக்கிவிட்டேன். சுவரில் வெளிறிய சதுரம் தெரிகிறது, அப்பா ஒவ்வொரு நாளும் கேட்கிறார். கடையில் உன்னைப் பற்றிக் கேட்கிறவர்களிடம், அவன் தேறவில்லை, பாதியில் நின்றவன், நாங்கள் போனதால் நின்றவன் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறேன். அக்காவுக்கு என்மேல் கோபம். வியாபாரம் கெடுகிறது என்கிறா. கெடட்டும்.

மலையில் ஆள் எடுக்கிறார்கள், விசாரித்தேன். சோதனை இந்த முறையும் உண்டு. எந்தத் தேதி என்று எனக்குச் சொல்லாதே. இடத்தைச் சொல்லாதே. தேறினாயா இல்லையா என்றுகூடச் சொல்லாதே. நிலக்கீழ் அறைச் சாவி பழைய இடத்தில், மின்சாரப் பெட்டிக்கு மேல் இருக்கிறது. சனிக்கிழமைகளில் நான் கடையில், அப்பா அடுப்பில், வீட்டில் ஒருவரும் இல்லை. நீ வந்ததை யாரும் பார்க்க மாட்டார்கள். கோழிக்கறி பரிமாறிய அந்த ஞாயிறுக்குப் பிறகு ஒவ்வொரு சனி மாலையும் வேலை முடிந்து வந்ததும் கீழே இறங்கிப் பார்க்கிறேன். இன்றும் பார்த்தேன். சப்பாத்துகள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன.

வந்து எடுத்துக்கொண்டு போ.